கட்டுவிரியன் காட்டித் தந்த இரகசியம்



கண்ணிமையைத் தூக்கி நிறுத்துவது ஒரு சின்னஞ்சிறு தசை. அந்தத் தசை வேலை செய்ய மறுத்தால் இமை தானாகச் சரிந்து விழும். பார்ப்பவர்கள் “தூக்கக் கலக்கம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லா வேளையிலும் அது தூக்கக் கலக்கம் அல்ல. இமை சோரும் இரண்டு நிலைமைகளைப் பற்றி இந்த மாதம் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவோம். இரண்டும் உயிருக்கு உலை வைக்கக் கூடியவை. இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. நேரத்தோடு அறிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதலாவது நிலைமை இது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு. புழுக்கம் தாங்காமல் பிள்ளை விறாந்தையில் பாய் விரித்துத் தரையில் படுத்திருக்கிறது. நடுச்சாமம் தாண்டி “உம்மா, வயிறு வலிக்குது” என்று முனகுகிறது. ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கிறாள் தாய். சுபஹு நேரத்தில் பார்த்தால் பிள்ளையால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பேச்சுக் குழறுகிறது. எச்சிலை விழுங்க முடியவில்லை. உடம்பில் காயமோ வீக்கமோ எதுவும் இல்லை.

இரண்டாவது நிலைமை. இருபத்தைந்து வயதுக் குடும்பப் பெண். காலையில் நன்றாக இருக்கிறாள். பொழுது சாயச் சாய ஒரு கண் மூடிக்கொள்கிறது. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது. சோறு தின்னும்போது பாதியிலேயே தாடை களைத்துவிடுகிறது. தலை வாரக் கையைத் தூக்கினால் கை நிற்கவில்லை. ஓய்வெடுத்தால் சரியாகிறது, வேலை செய்தால் மறுபடி வருகிறது. மாமியார் “சோம்பல்” என்கிறார். அடுத்த வீட்டார் “கண்ணூறு” என்கிறார்கள்.

முதலாவது, கட்டுவிரியன் கடி. இரண்டாவது, ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ எனும் தசைக் களைப்பு நோய். பாம்புக் கடிக்கும் குடும்பப் பெண்ணின் களைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இரண்டிலும் பழுதாவது உடம்பின் ஒரே இடம். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை மனிதன் கண்ணால் காண உதவியதும் ஒரு கட்டுவிரியனின் நஞ்சுதான்!

நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

நமது உடம்பு கோடானு கோடி கலங்களால் ஆனது. இலங்கைப் பாடசாலைப் புத்தகத்தில் ‘கலம்’ என்பதைத் தமிழகத்து வாசகிகள் ‘செல்’ என்று படித்திருப்பீர்கள். ஒவ்வொரு கலத்தையும் மெல்லிய மென்சவ்வு ஒன்று சுற்றி மூடியிருக்கிறது. அந்தச் சவ்வில் ஆயிரமாயிரம் புரதங்கள் பதிந்திருக்கின்றன. வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி உள்ளே கொடுப்பது இவற்றில் ஒரு வகையின் வேலை. அதனால் அவற்றுக்கு ‘வாங்கி’ என்றே பெயர்.

“கண்ணைத் திற” என்று மூளை கட்டளையிட்டால் அது நரம்பின் வழியே ஓடி வந்து தசையின் வாசலில் நிற்கிறது. நரம்பு தசையை நேரே தொடுவதில்லை. இடையில் மயிரிழையிலும் மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. நரம்பின் நுனி ‘அசெற்றைல்கோலின்’ என்ற இரசாயனத்தை அந்த இடைவெளியில் கொட்டுகிறது. தசைக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டதும் நுண்ணிய வாசல்கள் திறக்கின்றன. உப்பின் கூறான சோடியம் உள்ளே பாய்கிறது. தசை சுருங்குகிறது. கண் திறக்கிறது. வேலை முடிந்ததும் மிஞ்சிய அசெற்றைல்கோலினை ஒரு நொதியம் நொடிப்பொழுதில் உடைத்துத் துப்புரவாக்கிவிடுகிறது.

இந்த வாங்கிகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன தெரியுமா? ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறிட்டால் வரும் ஒரு கூறு நீளமும் அதே அகலமும் உள்ள சதுரத்தில் சுமார் 10,000 வாங்கிகள்!

பிறந்த நாளிலிருந்து அதே 10,000 வாங்கிகள்தாம் அங்கே நிற்கின்றனவா? அல்லது பழையது போய்ப் புதியது வந்துகொண்டிருக்கிறதா? எண்ணிக்கை மாறாமல் இருந்தால் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் பாம்பு வருகிறது.

யாழ்ப்பாணத்து விரியன்

யாழ்ப்பாணக் குடாநாடு வறண்ட பூமி. கட்டுவிரியனுக்கு ஏற்ற இடம். எட்டடி விரியன், எண்ணெய் விரியன் என்று ஊருக்கு ஊர் அதற்குப் பெயர் வேறு. கருநீல உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். பகலில் விறகுக் குவியலிலும் கல்லிடுக்கிலும் சோம்பிக் கிடக்கும். இரவில் இரை தேடி வீட்டுக்குள்ளேயே வரும். தரையில் படுத்திருப்பவர் புரண்டால் கடித்துவிடும். பல் மிகச் சிறியது. வலி அதிகம் இல்லை, வீக்கமும் இல்லை. தூக்கத்தில் கடிபட்டவருக்குத் தெரிவதே இல்லை.

குடாநாட்டில் சுருட்டை விரியனும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுருட்டைக் கடிகளைப் பற்றியே டொக்டர்கள் ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாகமும் கண்ணாடி விரியனும் உண்டு. ஆனால், கடித்த சுவடே தெரியாமல் மூச்சை நிறுத்துவதில் கட்டுவிரியனுக்கு நிகர் இல்லை. 2016இல் வெளியான தேசிய ஆய்வொன்றின்படி, இலங்கை முழுவதிலும் ஒரு வருடத்தில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் சுமார் 30,000 பேருக்கு நஞ்சேறுகிறது. சுமார் 400 பேர் இறக்கிறார்கள்.

எட்டு அடி வைப்பதற்குள் உயிர் போய்விடும் என்ற நம்பிக்கையில் வந்த பெயர்தான் ‘எட்டடி விரியன்’. அது உண்மையல்ல. நஞ்சு வேலை செய்யப் பெரும்பாலும் சில மணித்தியாலங்கள் எடுக்கும். அந்த மணித்தியாலங்கள் நமக்குக் கிடைத்த தவணை. அதை வீணாக்குவதும் பயன்படுத்துவதும் வீட்டாரின் கையில் இருக்கிறது.

நஞ்சே விளக்கானது

நமது கட்டுவிரியனின் சொந்தக்காரப் பாம்பொன்று தாய்வானில் வாழ்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். 1963இல் தாய்வானைச் சேர்ந்த சி.சி. சாங், சி.வை. லீ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதன் நஞ்சைக் கூறு கூறாகப் பிரித்தார்கள். இரண்டு விதமான நச்சுப் புரதங்கள் அகப்பட்டன. ‘பீற்றா’ வகை, நரம்பின் நுனியைத் தாக்கிச் சிதைக்கிறது. ‘அல்பா’ வகை, எதிர்க்கரையில் தசையின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் மீது போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. நமது கட்டுவிரியனின் நஞ்சிலும் நரம்பு நுனியைச் சிதைக்கும் பீற்றா வகையே முதன்மையான எதிரி.

ஓரிடத்தை மட்டும் தேடிப் போய், அங்கே விடாமல் ஒட்டிக்கொள்ளும் பொருளொன்று கிடைத்தால் ஆராய்ச்சியாளர் விடுவார்களா? அல்பா நஞ்சின் முதுகில் ஒரு விளக்கை ஏற்றி அனுப்பினால், வாங்கிகள் எங்கே நிற்கின்றன என்று தெரிந்துவிடுமே!

அது என்ன விளக்கு? கடையில் நோட்டுக் கள்ளமா என்று பார்க்கும் ஊதா விளக்கைக் கண்டிருப்பீர்கள். அதன் அடியில் நோட்டைப் பிடித்தால், சாதாரண வெளிச்சத்தில் தெரியாத நிறக்கோடுகள் பளிச்சென்று தெரியும். சலவைத்தூளில் தோய்த்த வெள்ளைத் துணியும் அங்கே நீலமாக மின்னும். நம் குசினியிலுள்ள மஞ்சள்கூட அந்த விளக்கின் கீழே பசுமஞ்சளாக ஒளிரும். ஒரு நிற ஒளியை விழுங்கி வேறு நிற ஒளியை உமிழும் இந்தக் குணத்துக்கு ‘புளொரொளிர்வு’ என்று பெயர். 1852இல் இதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டியவர் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி.

இந்தக் குணமுள்ள சாயத்தை உடம்பின் புரதங்களில் கட்டிப் பார்க்கும் வழியை 1941இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பர்ட் கூன்ஸ் தொடக்கி வைத்தார். அதற்கென்றே நுணுக்குக்காட்டிகளும் உருவாகின. சாயம் விழுங்கும் நிற ஒளியை மட்டும் அந்தக் கருவி மாதிரியின் மீது பாய்ச்சும். சாயம் உமிழும் நிறத்தை மட்டும் கண்ணுக்கு விடும். மற்ற ஒளியைத் தடுத்துவிடும். பார்ப்பவருக்கு இருட்டுக்குள் சாயம் ஒட்டிய இடம் மட்டும் நட்சத்திரம் போல் தெரியும்.

1974இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் அண்டர்சன், கோஹன் இருவரும் ஒளிரும் சாயம் கட்டிய அல்பா நஞ்சைத் தசைநாரில் விட்டுப் பார்த்தார்கள். நரம்பு வந்து சேரும் அந்த இடம் மட்டும் ஒளிவிட்டது. கொல்ல வந்த நஞ்சு, வழிகாட்டும் விளக்கானது!

மருதோன்றி சொல்லும் கணக்கு

பெருநாளுக்கு நகத்தில் மருதோன்றி இடுகிறீர்கள். நகத்தை நேற்றும் இன்றும் பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனால், ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். சிவப்பு மேலே நகர்ந்து, அடியில் வெள்ளை நகம் தெரியும். சாயம் இட்டிராவிட்டால் நகம் புதுப்பிக்கப்படுவது கண்ணுக்குத் தெரிந்திருக்குமா?

வாங்கிகளுக்கும் இதே உபாயத்தைத்தான் கையாண்டார்கள். இன்று மேற்பரப்பில் உள்ள வாங்கிகளுக்குச் சாயமிடு. சில நாள் கழித்துச் சாயம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அள. குறைந்தது எவ்வளவோ, அவ்வளவு பழைய வாங்கிகள் போய்விட்டன என்று பொருள்.

முதலில் சாயத்துக்குப் பதிலாகக் கதிர்வீசும் அயடினை நஞ்சில் கட்டி எண்ணினார்கள். 1975இல் டெவ்ரியோட்ஸ், ஃபம்புரோ என்ற இருவர், கண்ணாடித் தட்டில் வளர்த்த இளம் தசைக் கலங்களில் வாங்கிகளின் பாதி ஏறத்தாழ ஒரே நாளில் மாறிவிடுவதாகக் கண்டார்கள். நரம்போடு சேர்ந்த முதிர்ந்த தசையிலோ அவை நாள் கணக்கில் நிலைக்கின்றன.

பிறகு 1999இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலிருந்து ஓர் அருமையான ஆராய்ச்சி வெளிவந்தது. மொஹம்மத் அகாபூன், ஜெஃப் லிக்ட்மன் முதலானோர், உயிருள்ள எலியின் கழுத்துத் தசையில் வாங்கிகளை ஒளிரச் செய்து, அதே இடத்தை நாட்கள் கழித்து மறுபடி மறுபடி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். நரம்பும் தசையும் வழக்கம்போல் வேலை செய்யும் இடத்தில், வாங்கிகளின் பாதி மறைய சுமார் 14 நாட்கள் ஆயின. அதாவது, இன்று சாயமிட்ட 100 வாங்கிகளில் இரண்டு கிழமையில் 50 மிஞ்சும். நான்கு கிழமையில் 25 மிஞ்சும். போனவற்றின் இடத்தைப் புதியவை நிரப்பிவிடும்.

நரம்பின் செய்தி தசையை அடையாதபடி தடுத்தபோது என்ன ஆயிற்று? இரண்டே மணித்தியாலத்தில் நிலைமை மாறியது. பாதி வாங்கிகள் மறைய ஒரு நாள்கூட ஆகவில்லை. சுமார் 25 மடங்கு வேகம்! செய்தி மறுபடி வரத் தொடங்கியதும் அந்த இழப்பு அடங்கியது. செய்தி வந்துகொண்டிருக்கும் வரைதான் வாங்கிகள் மேற்பரப்பில் நிலைக்கின்றன என்பது இதிலிருந்து புலனாயிற்று.

உள்ளே இழுக்கப்படும் வாங்கிகள் எல்லாமே அழிந்து போவதும் இல்லை. ஒரு பகுதி மறுபடி மேற்பரப்புக்கு வருவதை, இதே ஒளிரும் முறையால் அகாபூனும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 2005இல் காட்டினார்கள். விருந்து வீட்டில் சில பீங்கான் உடைந்துபோகும். சில கழுவப்பட்டு மறுபடி சபைக்கு வரும் அல்லவா? அது போலத்தான்.

ஆகவே, கலத்தின் மேற்பரப்பு கட்டி முடித்த மதில் அல்ல. கிடுகு வேலி போன்றது. உக்கிய கிடுகைக் கழற்றிப் புதிய கிடுகைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கழற்றும் வேகமும் கட்டும் வேகமும் சமமாக இருக்கும் வரை வேலி நிற்கும். கழற்றும் வேகம் கூடினால்?

காவலாளியே எதிரியானால்

அதுதான் மயஸ்தீனியா. நோய்க் கிருமிகளை எதிர்க்க நமது உடம்பு ‘பிறபொருளெதிரி’ என்ற புரதங்களை உண்டாக்குகிறது. அவை நமது காவலாளிகள். சிலருக்கு இந்தக் காவலாளிகள் வழிதவறிச் சொந்த வாங்கிகளையே எதிரி என்று எண்ணிப் பிடிக்கின்றன.

1973இல் இது அடுத்தடுத்துத் துலங்கியது. அமெரிக்காவில் பட்ரிக், லின்ட்ஸ்ட்ரம் இருவரும், மின் விலாங்கிலிருந்து எடுத்த வாங்கிகளை முயல்களுக்கு ஊசி மூலம் ஏற்றினார்கள். முயல்களின் உடம்பு அவற்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கியது. முயல்கள் தசை சோர்ந்து விழுந்தன. அதே ஆண்டில் ஃபம்புரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி ஆகிய மூவரும் நோயாளிகளின் தசையில் வாங்கிகளை அல்பா நஞ்சின் துணையால் எண்ணினார்கள். சாதாரணமாக இருக்க வேண்டியதில் 11 முதல் 30 வீதம் வரைதான் இருந்தது.

1977இல் காவோ, டிராக்மன் இருவரும் காரணத்தை நெருங்கினார்கள். நோயாளிகளின் பிறபொருளெதிரியைத் தசைக் கலங்களோடு சேர்த்தபோது, வாங்கிகள் அழியும் வேகம் இரண்டு மூன்று மடங்கு கூடியது. பிறபொருளெதிரிக்கு இரண்டு கைகள். ஒரு கையால் ஒரு வாங்கியையும் மறு கையால் இன்னொன்றையும் பிடித்து இணைத்துவிடுகிறது. இப்படிப் பிணைக்கப்பட்டவற்றைக் கலம் விரைவாக உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது. இது தவிர, பிறபொருளெதிரிகள் மென்சவ்வையே சேதப்படுத்துவதும் உண்டு.

அந்தக் குடும்பப் பெண் மாலையில் ஏன் சோர்ந்தாள் என்பது இப்போது விளங்குகிறதா? இருக்கும் கொஞ்ச வாங்கிகள் முதல் கட்டளைகளுக்குப் போதும். திரும்பத் திரும்ப வேலை செய்யும்போது நரம்பு கொட்டும் அசெற்றைல்கோலின் சற்றுக் குறைவது இயற்கை. நல்ல உடம்பில் மிகுதியான வாங்கிகள் இருப்பதால் அது தெரிவதில்லை. இவளிடம் அந்த மிகுதி இல்லை. அவளைச் சோம்பேறி என்று சொன்ன வாய்கள் இதைக் கேட்கட்டும்!

ஒரு பெண் டொக்டர்

இந்த நோய்க்குப் பலன் தரும் மருந்தைக் காட்டியவர் ஒரு பெண். 1934இல் லண்டன் கிரினிச்சில் சென்ற் அல்ஃபேஜ் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டொக்டர் மேரி வோக்கர். இந்த நோயாளிகளின் சோர்வு, அம்பு முனையில் பூசும் ‘குராரே’ நஞ்சால் வரும் சோர்வை ஒத்திருப்பதை அவர் சிந்தித்தார். குராரேக்கு மாற்றாகிய பைசோஸ்டிக்மின் என்ற மருந்தை ஊசியாகக் கொடுத்தார். சரிந்திருந்த இமை எழுந்தது! அசெற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தை அந்த மருந்து தடுக்கிறது. இரசாயனம் கூடுதல் நேரம் நிற்பதால், குறைந்த வாங்கிகளுக்கும் செய்தி போய்ச் சேருகிறது. இன்று அதே வழியில் பிரிடோஸ்டிக்மின் மாத்திரை கொடுக்கப்படுகிறது.

அதோடு பிறபொருளெதிரியை அடக்கும் மருந்துகளும் உண்டு. நெஞ்செலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது என்பது 2016இல் வெளியான பெரிய ஆய்வில் உறுதியாயிற்று. 2021இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எஃப்கார்டிஜிமொட் என்ற மருந்தின் கதை இன்னும் சுவையானது. பிறபொருளெதிரிகளையும் நம் கலங்கள் அழியவிடாமல் காப்பாற்றித் திரும்ப இரத்தத்துக்கு அனுப்புகின்றன. அந்தத் திரும்பும் வழியை இது அடைத்துவிடுகிறது. பழையது போவதும் புதியது வருவதும் எப்படி என்று பார்த்த அறிவு, மருந்தாகவே மாறியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

முதலில் பாம்பு. தரையில் படுப்பதைத் தவிருங்கள். கட்டில் இல்லாவிட்டால் நுளம்பு வலை கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். நேபாளத்தில் 2007இல் வெளியான ஆய்வு, வலைக்குள் தூங்குவது பாம்புக் கடியிலிருந்து காக்கிறது என்று காட்டியது. விறகையும் ஓலையையும் வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள். 1990இல் வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய குடும்பங்களின் வளவுகள் பற்றை மண்டிக் கிடந்ததை நாம் அறிவோம். இன்னும் அப்படிக் கிடக்கும் மூலைகளைத் துப்புரவாக்குங்கள். இரவில் வெளியே போகும்போது டோர்ச் லைட்டும் செருப்பும் வேண்டும்.

தரையில் படுத்தவர் இரவிலோ விடியலிலோ காரணமில்லாமல் வயிற்று வலி என்றால், இமை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், கடித்த சுவடு தேடி நேரத்தைப் போக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. யாழ். போதனா வைத்தியசாலை தூரமாக இருந்தால் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கடிபட்ட இடம் தெரிந்தால் அந்தக் கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றிவிடுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள்; கீறாதீர்கள்; உறிஞ்சாதீர்கள். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீரோ மருந்தோ வாயில் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாம்பைத் தேடி அலையாதீர்கள். பரியாரியாரிடம் போய்விட்டுப் பிறகு பார்ப்போம் என்று நினைத்தால், தவணை முடிந்துவிடும்.

இலங்கை ஆஸ்பத்திரிகளில் கொடுக்கப்படும் நஞ்செதிர் மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரானது. அப்படிப்பட்ட மருந்துக்கு வேண்டிய நஞ்சை, மாமல்லபுரத்துக்கு அருகே 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வருகிறது. இரத்தத்தில் சுற்றும் நஞ்சை இந்த மருந்து முறிக்கும். ஆனால், ஏற்கெனவே சிதைந்த நரம்பு நுனியை ஒட்டவைக்க அதனால் முடியாது. ஆகவேதான் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது.

பிந்திவிட்டால் நம்பிக்கை இழக்க வேண்டுமா? வேண்டாம்! சிதைந்த நரம்பு நுனி மறுபடி தளிர்விடும். அதுவரை மூச்சுக்கு இயந்திரம் துணை நின்றால் போதும். நாட்கள் ஆகலாம், கிழமைகளும் ஆகலாம். அந்த நாட்களில் நோயாளி கண் திறக்காமல், விரல் அசைக்காமல், மையித்துப் போலக் கிடக்கக் கூடும். ஆனால், அவருக்கு நினைவு இருக்கலாம். பக்கத்தில் பேசுவது காதில் விழலாம். கட்டிலருகே நின்று “இனிப் பிழைக்காது” என்று ஒப்பாரி வைக்காதீர்கள். “உம்மா பக்கத்தில் இருக்கிறேன், உனக்குச் சுகமாகும்” என்று காதோடு சொல்லுங்கள்.

அடுத்து மயஸ்தீனியா. பெண்களுக்குப் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பும், ஆண்களுக்கு முதுமையை நெருங்கும்போதும் இது தொடங்குகிறது. மாலையில் கூடும் இமைச் சோர்வு, இரட்டைப் பார்வை, மெல்லவும் விழுங்கவும் கஷ்டம், மூக்கால் பேசுவது போன்ற குரல் இருந்தால் டொக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். “காலையில் இல்லை, மாலையில் வருகிறது” என்ற ஒரு வசனமே அவருக்குப் பெரிய தடயம். மூச்சு வாங்கினாலோ விழுங்கவே முடியாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம்; அது அவசர நிலை.

இந்த நோயுள்ள பெண் கர்ப்பம் தரிக்கலாம், பிள்ளை பெறலாம். ஆனால், முதல் மாதத்திலிருந்தே கிளினிக்கில் நோயைச் சொல்ல வேண்டும். வலிப்பைத் தடுக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மக்னீசியம் ஊசியும், ஜென்டமைசின் போன்ற சில அன்டிபயட்டிக் மருந்துகளும் இந்தச் சோர்வைக் கூட்டிவிடும். தாயின் பிறபொருளெதிரி தொப்புள்கொடி வழியே போவதால், சில பிள்ளைகள் பிறந்ததும் பால் உறிஞ்சச் சக்தியில்லாமல் இருக்கும். பயப்படாதீர்கள். சில கிழமைகளில் அந்தப் பிறபொருளெதிரி தேய்ந்து மறைய, பிள்ளை தேறிவிடும். அதுவரை டொக்டர்களின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பிரிடோஸ்டிக்மினின் பலன் சில மணித்தியாலங்களே நிற்கும் என்பதால், நோன்பு நோற்க விரும்புவோர் ரமழானுக்கு முன்பே டொக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

மாமிமாரே, கணவன்மாரே, நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டில் ஒருத்தி “கை தூக்க முடியவில்லை” என்றால், வேலைக்குக் கள்ளம் என்று முடிவு கட்டாதீர்கள். இந்த உம்மாவுக்கு, இந்த மருமகளுக்கு, வாங்கிகள் குறைந்திருக்கலாம். அதை ஏச்சால் நிரப்ப முடியாது. மருந்தாலும் ஓய்வாலும் சமாளிக்க முடியும்.

இன்றிரவு பிள்ளைகளைப் படுக்க வைக்கும்போது நுளம்பு வலையின் ஓரம் பாயின் அடியில் செருகியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

வஸ்ஸலாம்.